கூப்பிட்ட குரலுக்கு

கொஞ்சம் தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி, ஓரத்து சீட்டு எனக்கு வேணும். சன்னல் நீங்களே வச்சுக்கிடுங்க, காத்தும் உங்களுக்கே. இந்த வலது காலை நடக்கிற பாதையில நீட்டி வச்சாத்தான் என்னால கோவில்பட்டி தாண்ட முடியும். முட்டு மாத்தியிருக்கு. ஆமா, முழங்கால் முட்டுதான். உள்ள இரும்பு. டாக்டர் வேற என்னவோ பேரு சொன்னாவ, எனக்கு அது இரும்புதான்.

நீங்க மதுரையா? நல்லதாப் போச்சு. நானும் மாட்டுத்தாவணிதான்.

கண்டக்டரை எதுக்கு இப்படிப் பாக்கேன்னு நெனைக்கியளோ? பழக்கம் அண்ணாச்சி. நான் செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். குத்தாலிங்கம்னு சொல்லிப் பாருங்க, பாவநாசம் ரூட்டு, தென்காசி ரூட்டுல பழைய கண்டக்டர்மாருக்கு இன்னைக்கும் தொண்டை அடைக்கும். ஆளோட பின்கழுத்தைப் பாத்தே டிக்கெட் எடுத்தவனா எடுக்காதவனான்னு சொல்லிருவேன். எடுக்காதவன் கழுத்து வெறைச்சு நிக்கும். திரும்பிப் பாக்கமாட்டான். அந்தா, நாலாவது சீட்டுல நீலச் சட்டை போட்டவன். சரி, விடுங்க. இப்ப அது என் வேலை இல்ல.

அப்படிப்பட்டவன் கண்ணுலயே ஒருத்தி மண்ணைத் தூவிட்டா அண்ணாச்சி. வெளியாள் இல்ல. எம் பொண்டாட்டி. ஆவுடையம்மா.

ஆபரேஷன் எங்க பாளையங்கோட்டையிலதான் நடந்தது. அதுல ஒண்ணும் குறை சொல்றதுக்கில்ல. மறுநாளே வாக்கரைக் கையில குடுத்து நிக்க வச்சுட்டாவ. வீட்டுக்கு வந்த பெறகுதான் பாடு. முன் ரூம்ல கட்டில் போட்டாச்சு. கட்டிலுக்குப் பக்கத்துல தண்ணி, மாத்திரை, ஒண்ணுக்குப் போக ஒரு கேன். முட்டு பலூன் மாதிரி வீங்கிக் கெடக்கு, தோலு பளபளன்னு. முட்டுக்கு அடியில தலகாணி வைக்கக் கூடாதாம், வச்சா கால் வளைஞ்சே நின்னுருமாம். துண்டைப் பாதத்துல மாட்டி இழுத்து இழுத்து மடக்கணுமாம். உயிர் போயிட்டு வரும் அண்ணாச்சி. நம்ம பகையாளிக்குக்கூட அது வேண்டாம்.

தொண்டை கிழியக் கத்த முடியாதுல்லா, அதுக்காக என் பழைய விசிலை எடுத்து வச்சுக்கிட்டேன். பஸ்ல ஊதுவோம்லா, அதே விசில்தான். ஒரு விசில்னா ஆவுடை வரணும். ரெண்டு விசில்னா ஓடி வரணும். தண்ணிக்கு ஒண்ணு. ஃபேனைக் குறைக்க ஒண்ணு. தலகாணி நழுவுனா ஒண்ணு. கேனுக்கு ரெண்டு. ஒழுங்கு வேணும்லா எதுக்கும்? எங்க வீட்டுல அவ என்னைக்குமே கூப்பிட்ட குரலுக்கு வந்து நிக்கிறவ. அதுல நான் குறையே சொல்லமாட்டேன்.

அப்படி இருந்தவ மாறிட்டா. முதல்ல நான் கவனிச்சது அதைத்தான்.

விசில் ஊதுதேன். ஆள் வரல. திரும்ப ஊதுதேன். அடுக்களையில இருந்து காலடி சத்தம் கேக்கு. வருது, வருது, நடுவுல நின்னு போகுது. எதுக்கு நிக்கணும்? அடுக்களைக்கும் முன் ரூமுக்கும் நடுவுல என்ன ஸ்டாப்பிங்கா இருக்கு? பெறகு ஒரு பெருமூச்சு. பெறகு திரும்பக் காலடி. வந்து வாசப்படியில சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா.

"எங்க போய்த் தொலைஞ்ச?"ன்னு கேக்கேன்.

"அடுப்புல பால் இருந்துச்சு"ங்கா.

பால் பொங்குற மணம் எனக்குத் தெரியாதா? பால் மணமே இல்ல. அடிச்சது தைல மணம். "என்ன தைலம்?"னு கேட்டேன். "தலைவலி"ங்கா. தலைவலிக்குத் தைலம் தேச்சா நெத்தி மினுங்கும்லா? நெத்தி காஞ்சு கெடக்கு. அப்பவே எனக்குச் சுருக்குன்னது. இவ பொய் சொல்லுதா. பொய் சொல்லத் தெரியாதவ பொய் சொல்லுதான்னா உள்ள பெரிய விசயம் இருக்குன்னு அர்த்தம். என் சர்வீசுல நான் பாத்தது அது.

அப்பறம் சாப்பாடு. எனக்குத் தட்டு கொண்டு வந்து தந்துட்டு, அவ எப்பவும் எம் பக்கத்துல தரையில உக்காந்துதான் சாப்பிடுவா. இப்ப உக்காரமாட்டேங்கா. அடுக்களை மேடையில தட்டை வச்சு நின்னுக்கிட்டே தின்னுட்டு வந்துருதா. ஒரே வீட்டுல புருசன் கூட உக்காந்து சாப்பிட முடியாத அளவுக்கு என்ன கோவம்? கேட்டா, "பசிச்சுட்டு, அங்கனயே சாப்பிட்டுட்டேன்"ங்கா.

இதுக்கு நடுவுல பிசியோதெரபிக்கு வந்த பொண்ணு ஒருத்தி. ஜெனிபா. ஸ்கூட்டர்ல வருவா, சின்ன வயசு, நல்ல பிள்ளைதான், ஆனா கையில இரக்கமே கெடையாது. "சார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு சிரிச்சுக்கிட்டே காலை மடக்குவா. மடக்கி முடிச்சா போக வேண்டியதுதானே? போகமாட்டா. நேரா அடுக்களைக்குப் போவா. கதவு சாத்திரும். உள்ள குசுகுசுன்னு பேச்சு. ரொம்ப நேரம். வெளிய வரும்போது ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பாக்கமாட்டாவ.

"என்னளா பேச்சு?"

"காப்பி குடிச்சா."

ஒரு காப்பி குடிக்க இவ்வளவு நேரமா? அது காப்பியா, பாயசமா?

ஒரு நாளு, நான் தூங்குதேன்னு நெனச்சுக் கதவை முழுசா சாத்தல. ஜெனிபா சொல்லுதா, "ஹோம்ல சொல்லிட்டா ஆள் ரெடியா இருப்பாங்கம்மா, நீங்க பயப்படாதீங்க." நான் அப்படியே கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தேன். கொஞ்ச நேரத்துல ஆவுடை போன்ல மக பகவதிகிட்ட பேசுதா. எங்களுக்கு ஒரே மக. மதுரையில குடும்பமா இருக்கா. "இப்ப அவுககிட்ட சொல்லாண்டாம்ளா. கால் ஊனி நல்லா நடக்கட்டும். பெறவு சொல்லிக்கிடலாம்"ங்கா.

எப்படி இருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்க. ஹோம்! முதியோர் இல்லம்! என்னை நடக்க வச்சு, அப்படியே நடத்திக் கொண்டு போயி ஹோம்ல விட்டுட்டு, இவ மக வீட்டுக்குப் போயிரலாம்னு திட்டம். மூணு பேரும் கூட்டு. அதுக்குத்தான் அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு மடக்குதா!

சிரிக்காதிய அண்ணாச்சி. கட்டில்ல அசையாமக் கெடந்து பாருங்க, அப்பத் தெரியும். மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே கெடந்தா காதுதான் கண்ணு.

நான் என்ன முடிவு எடுத்தேன்னா, நடக்கக் கூடாது. அவுகளுக்குத் தெரியும்படி நடக்கக் கூடாது. ஆவுடை கடைக்கோ வேற எங்கயோ போகும்போது நானா எந்திரிச்சு, வாக்கரைத் தூக்கி மூலையில வச்சுட்டு, சுவரைப் பிடிச்சு நடந்து பழகுனேன். பெறகு சுவரும் இல்லாம. அவ வந்து கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் கட்டில்ல ஏறிப் படுத்து ஒரு விசில். "ஏளா, இந்தக் காலைக் கொஞ்சம் தூக்கி வையி." வந்து தூக்கி வைப்பா. குனியும்போது வாய்க்குள்ள ஏதோ முனங்குவா. என்னைத் திட்டுதான்னு நெனச்சுக்கிட்டேன்.

ஜெனிபாவுக்கு ஒண்ணும் புரியல. "சார், உங்க தசை இருக்கிற இருப்புக்கு இந்நேரம் கம்பு போதுமே. ஏன் வாக்கரை விடமாட்டேங்கிறீங்க?"ன்னா. "பயமா இருக்கும்மா"ன்னேன். எப்படி நம்ம நடிப்பு?

செவ்வாக்கிழமை வந்தா ஆவுடை கோயிலுக்குப் போவா. அம்மன் கோயில் எங்க தெரு முக்குலதான் இருக்கு. நடந்தே போயிட்டு நடந்தே வருவா. அப்படிப்பட்டவ ஒரு செவ்வாக்கிழமை திடீர்னு ஆட்டோக்காரன் மீரான் வண்டியில ஏறிப் போறா. தெரு முக்குக்கு ஆட்டோவா? போயிட்டு வந்தவ நெத்தியில குங்குமம் இல்ல, கையில பூவும் இல்ல. முழங்கைக்கு உள்பக்கம் சின்னதா பஞ்சு வச்சு ஒட்டியிருக்கு. "அது என்னது?"ன்னேன். "எண்ணெய் தெறிச்சிட்டு"ங்கா. கோயில்ல எங்க எண்ணெய் தெறிக்கும்?

மீரானைக் கூப்பிட்டு விசாரிச்சேன். சின்ன வயசுல இருந்து நான் பாக்கிற பய. "எங்கலே கூட்டிட்டுப் போன எங்க வீட்டுக்காரியை?"

"அக்கா சொன்ன எடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன் அண்ணாச்சி."

"எந்த எடம்?"

"அதை அக்காகிட்டக் கேளுங்க."

கழுத்து வெறைச்சிட்டு அவனுக்கு. திரும்பிப் பாக்காமப் போயிட்டான். ஊரே ஒண்ணு சேந்துட்டுன்னு எனக்கு உறுதியாயிட்டு.

அடுத்த வாரம் ஒரு நாளு ஜெனிபா வந்தா, மடக்குனா, முடிச்சா. வழக்கம் போல அடுக்களைக்குப் போனா. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், பேச்சு நல்லா சூடு பிடிக்கட்டும்னு. பெறகு எந்திரிச்சேன். வாக்கர் இல்ல, கம்பு இல்ல, செருப்புகூட இல்ல. பஸ்ல படிக்கட்டு வழியா சத்தமில்லாம ஏறுவோம்லா, அதே மாதிரி. அடுக்களைக் கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. ஒரே தள்ளு.

ஆவுடை பிளாஸ்டிக் நாற்காலியில இருக்கா. சேலையை முட்டுக்கு மேல சுருட்டி விட்டிருக்கா. ஜெனிபா கீழ உக்காந்து எனக்கு வீக்கத்துக்கு வைக்கிற ஐஸ் பையை எடுத்து அவ முட்டுல வச்சு அமுக்குதா. கால் ரெண்டும், எப்படிச் சொல்ல, வெளிப்பக்கமா வளைஞ்சு கெடக்கு அண்ணாச்சி. முட்டு ரெண்டும் பனங்காய் மாதிரி. நீல நரம்பு. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள்ள கடிச்சுக்கிட்டு இருக்கா, சத்தம் வெளிய வந்துரக் கூடாதுன்னு. கண்ணுல இருந்து தண்ணி அது பாட்டுக்கு ஓடுது.

இத்தனை வருசம் கூட இருந்து அவ காலை நான் பாத்ததில்ல. எதுக்குப் பாக்கணும்? கால் இருக்கும், நடக்கும், அவ்வளவுதானே.

நான் பேச வாயைத் திறக்குமுன்ன அவ முந்திக்கிட்டா. முந்தானையை வாயில இருந்து எடுத்தா. என் முட்டைப் பாத்தா, வெறுங்கையைப் பாத்தா. எனக்குப் பின்னாடி வாக்கர் இருக்கான்னும் எட்டிப் பாத்தா.

"நடக்கியளா?"ன்னா.

"என்னளா இது? முட்டு எப்படி இப்படி ஆச்சு?"ன்னு நான் சத்தம் போட்டேன்.

"எத்தனை நாளா நடக்கிய?"

கேள்வி கேக்கிறது என் வேலை. ஜெனிபாதான் நடுவுல வந்தா. "சார், கோவப்படாதீங்க. உங்களைவிட அம்மாவுக்குத்தான் முதல்ல ஆபரேஷன் பண்ணியிருக்கணும். ரெண்டு முட்டுமே தேஞ்சு போச்சு. உங்களுக்கு முடியட்டும்னு தள்ளிப் போட்டாங்க. போன வாரம் ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே எடுத்து எல்லாம் பாத்தாச்சு. அம்மாவுக்குப் பண்ணும்போது உங்க ரெண்டு பேரையும் பாத்துக்க ஹோம் நர்சிங்ல ஒரு ஆள் சொல்லலாம்னு பேசிக்கிட்டிருந்தோம்."

அதுதான் ஹோம். பாத்துக்கிடுங்க.

நான் ஆவுடையைக் கேட்டேன், "எங்கிட்ட சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னேனே"ன்னா.

"எப்பச் சொன்ன?"

"கோயில் படியில ஏற முடியலன்னு சொன்னேன். மாடியில துணி காயப்போட முடியலன்னு சொன்னேன். நடந்தா சரியாயிரும்னிய."

நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன் அண்ணாச்சி. சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும்லா? எங்கிட்ட மறைச்சுட்டு, பழியையும் எம் மேல போடுதா.

பெறகு அவ சேலையை இறக்கி விட்டா. கழுவுற தொட்டியைப் பிடிச்சு மெதுவா எந்திரிச்சா. என்னைத் தாண்டி முன் ரூமுக்குப் போனா. நடுவுல ஒரு எடத்துல நின்னா. பெருமூச்சு விட்டா. அப்பத்தான் அந்த ஸ்டாப்பிங் எனக்கு விளங்குச்சு. கட்டிலுக்குப் பக்கத்துல இருந்த கேனை எடுத்துக்கிட்டுப் புறவாசல்ல கொண்டு வச்சுட்டு வந்தா.

"இனி இது வேண்டாம்லா"ன்னா. அவ்வளவுதான் பேச்சு. சத்தம் போடல, அழல. விசிலை எடுத்து ஜெனிபா கையில குடுத்துட்டா. அந்தப் பொண்ணும் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா. அரசாங்க விசில் அது! நான் கேக்கல. கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு.

ஒரு வாரத்துல பகவதியும் மருமகனும் காரோட வந்துட்டாவ. மதுரையில நல்ல டாக்டராம், அங்கனயே பண்ணி மக வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடலாமாம். நான் என் பேக்கை எடுத்து வச்சேன். "நானும் வாரேன்."

ஆவுடை பின் சீட்டுல காலை நீட்டி உக்காந்திருந்தா. கண்ணாடியை இறக்கி, "நீங்க வராண்டாம்"ன்னா.

"ஏன்?"

"நீங்க இருந்தா கூப்பிடுவிய. கூப்பிட்டா நான் எந்திரிச்சிருவேன். தையல் பிரிஞ்சாலும் எந்திரிச்சு வந்துருவேன். எனக்கு அப்படிப் பழகிட்டு."

பகவதி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. மருமகன் ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "சாப்பாட்டுக்கு மெஸ்ல சொல்லியிருக்கு. மாத்திரையை ஒழுங்காப் போடுங்க"ன்னு சொன்னா. கார் போயிட்டு.

எம் மேல நம்பிக்கை இல்ல அவளுக்கு. கட்டுன புருசன் மேல நம்பிக்கை இல்ல. இதுதான் எனக்கு ஆறமாட்டேங்கு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு பகவதி போன் பண்ணுனா. மெஸ்காரன் சாம்பார்ல உப்பே கெடையாது. வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு தேடி எடுக்கவே எனக்கு ஒரு பொழுது ஆச்சு. தண்ணி வேணும்னா நானே போய் மொண்டு குடிக்கேன். ஃபேனை நானே குறைக்கேன். ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா வீடு சத்தமே இல்லாமக் கெடக்கு.

தினமும் போன் பண்ணுதேன். ரெண்டு வார்த்தை பேசுவா. "நல்லாயிருக்கேன். நடக்கேன். வைக்கட்டா?" ஆனா முந்தா நாளு நான் பேசுறதுக்கு முன்னாடியே போன்ல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு அண்ணாச்சி. ஆவுடை சிரிப்பு. வாய்விட்டுச் சிரிக்கா. முட்டைக் கீறித் தச்சவளுக்கு என்ன சிரிப்பு? எங்கிட்ட பேசும்போது இல்லாத சிரிப்பு? எனக்குப் பொறுக்கல. அங்க என்னதான் நடக்குதுன்னு நேர்லயே பாத்துருவோம்னு கெளம்பிட்டேன். சொல்லல. செக்கிங்குக்குச் சொல்லிட்டா போவாங்க?

மேல அந்தத் தகரப் பொட்டிக்குப் பக்கத்துல துணி சுத்திக் கெடக்கு பாருங்க, அது என் வாக்கர். அங்க அவளுக்கு ஒண்ணு வாங்கியிருப்பாவ, தெரியும். இருந்தாலும் இது உறுதியான சாமான். அதோட கால்ல பொத்தான் இருக்கும், அமுக்குனா ஏறும் இறங்கும். என் உசரத்துக்கு இருந்ததை அவளுக்குத் தக்கன இறக்கலாம்னு உக்காந்தேன். அவ எவ்வளவு உசரம்னு யோசிக்கேன், யோசிக்கேன், எனக்குத் தெரியல அண்ணாச்சி. என் தோள் வரைக்குமா, காது வரைக்குமா? கடைசியில அடுக்களையில போய் நின்னேன். அவ கை எட்டுற அலமாரித் தட்டு ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல் தட்டு எல்லாம் தூசி. அந்தத் தட்டை வச்சு உத்தேசமா ஒரு உசரம் பிடிச்சேன். ரொம்பக் குட்டையா இறக்கிட்டேனோன்னு இப்பவும் ஒரு சந்தேகம்.

இருங்க, போன் அடிக்கு. அவதான். அவளா பண்ணமாட்டாளே.

என்னளா... ஆங்... வீட்லதான். வீட்லதான் இருக்கேன். என்ன சத்தம்? ஹாரனா? தெருவுல லாரி போகுது... இல்ல... இல்லளா... யாரு சொன்னா?... ம்... ம்... சாத்தூர் தாண்டிட்டு... ஆமா, காலை நீட்டித்தான் வச்சிருக்கேன்... சரி... ம்... சரி.

வச்சுட்டா.

மெஸ்காரன் மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்தானாம். பூட்டிக் கெடக்கவும் அவளுக்குப் போன் போட்டுட்டான். எல்லாரையும் கையில வச்சிருக்கா பாருங்க. ஏன் வாரியன்னு கேக்கல. திட்டவும் இல்ல. வாங்கன்னும் சொல்லல, அதைக் கவனிச்சியளா? "எறங்கும்போது ஆபரேஷன் காலை முதல்ல கீழ வையுங்க, அவசரப்பட்டுக் குதிக்காதிய. எறங்குன எடத்துலயே நில்லுங்க. மருமகனை அனுப்புதேன்"ன்னா. வச்சுட்டா.

மருமகனை எதுக்கு அனுப்புதா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவா? இல்ல, எதிர்ல நிக்கிற திருநெல்வேலி பஸ்ல திருப்பி ஏத்தி விடவா?

நீங்க பொதுவான ஆளு. குரல் உங்களுக்கும் கொஞ்சம் கேட்டிருக்கும்லா? சொல்லுங்க அண்ணாச்சி. கூட்டிட்டுப் போகத்தானே இருக்கும்?